சீட்டு மாறிய சேகரிப்பு: பட்டாம்பூச்சி வணிகத்தில் பொய்த்தரவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்கலைக்கழகம் ஒன்றின் பூச்சிச் சேகரிப்பை நாங்கள் மூவர் பராமரித்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய ஒரு தனியார் பட்டாம்பூச்சித் தொகுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளின் சீட்டுகள் பிற்காலத்தில் அச்சிடப்பட்டவை என்றும், அவற்றில் பெரும்பாலானவை சொல்லும் இடமும் நாளும் பொய் என்றும் எங்களுக்குத் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த விதத்தையும், கண்டறியும்போது நாங்களே செய்த ஒரு பிழையையும் இங்கே பதிவு செய்கிறேன். தொடர்புடைய எவரது பெயரும் தரப்படவில்லை.

ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்தப்படும் விரல்நக அளவுச் சீட்டில் பிடித்த இடம், உயரம், நாள், பிடித்தவர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இவை இல்லாத பட்டாம்பூச்சி சுவரில் மாட்டும் அழகுப்பொருள் மட்டுமே. வணிகத்திலும் சீட்டுக்கே விலை. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலுள்ள நியூ கினித் தீவின் மலைகளில் மிகுதியாக வாழும் டீலியாஸ் என்ற பட்டாம்பூச்சிப் பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; ஒரு மலைத்தொடரில் பறக்கும் துணையினம் அடுத்த தொடரில் இருப்பதில்லை. ஆகவே ஒரே தோற்றமுடைய இரண்டு பூச்சிகளில் ஒன்று சாதாரண விலைக்கும் மற்றொன்று பல மடங்கு விலைக்கும் போவது, சீட்டில் எழுதிய மலையின் பெயரைப் பொறுத்தே அமைகிறது.

பொய்ச்சீட்டுக்கு விலை மட்டும் காரணம் அன்று. காட்டில் பிடிப்பவரிடமிருந்து வாங்கும் இடைத்தரகர், தன் பிடிப்பிடத்தைப் போட்டியாளர் அறியக்கூடாது என்பதற்காகவே வேறு பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்வதுண்டு. முக்கோணமாக மடித்த காகித உறைகளில் பூச்சிகள் வந்துசேரும்போது, உறையின் மேல் கிறுக்கியிருப்பதைப் படிக்க இயலாமல், வந்த கட்டு முழுவதற்கும் ஒரே இடத்தைப் போட்டுவிடுகிற சோம்பலும் உண்டு. இவை தவிரச் சட்டம் ஒரு காரணம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1975 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பேர்ட்விங் எனப்படும் பெரிய பட்டாம்பூச்சிகளின் ஆர்னிதாப்டிரா பேரினம் முழுவதும் இன்று அதன் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் சேர்வதற்கு முன்பே பிடிக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால் விதிகள் தளர்வானவை என்பதால், பிடித்த நாளை உண்மையைவிட முந்தியதாகக் காட்டுவதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது.

வாங்கிய விதம்

தொகுப்பின் உரிமையாளர் பொழுதுபோக்காகத் தொடங்கி நியூ கினியின் மேற்குப் பகுதிக்குப் பலமுறை சென்றுவந்தவர். சேகரிப்பாளர்களிடையே நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் மறைந்தபின் குடும்பத்தார் தொகுப்பை ஒரு வணிகரிடம் கொடுத்தனர். அந்த வணிகர் எங்களை அணுகினார். மொத்தம் 312 மாதிரிகள், நான்கு இழுப்பறைகள்.

நாங்கள் நேரில் சென்று பார்த்தபோது முதல் இழுப்பறையைத்தான் முழுமையாக ஆராய்ந்தோம். பழுத்த காகிதம், ஓரம் மங்கிய மை, ஒரே கையெழுத்து என்று அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மற்ற மூன்றையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து நிறைவடைந்துவிட்டோம். சேகரித்தவரின் களக்குறிப்பேடு எங்கே என்று கேட்கவேண்டும் என்பது எங்கள் மூவரில் எவருக்கும் தோன்றவில்லை. நல்ல பெயருள்ளவரின் தொகுப்பு என்ற எண்ணம் அந்தக் கேள்விக்கு இடமளிக்கவில்லை என்றே இப்போது நினைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களில் அத்தனை மாதிரிகளையும் படமெடுத்து, சீட்டிலுள்ள தரவைக் கணினியில் ஏற்றி, உலக உயிர்ப்பன்மைத் தரவுத்தளமான ஜிபிஃபுக்கும் அனுப்பிவிட்டோம்.

முதல் ஐயம்

படமெடுக்கும் பணியில் இருந்த முதுநிலை மாணவி, சில சீட்டுகளின் காகிதம் மிகவும் வெள்ளையாக இருக்கிறதே என்று இரண்டாம் வாரத்திலேயே சொன்னார். பழைய சீட்டு செல்லரித்துப் போனால் புதிதாக எழுதி வைப்பது வழக்கந்தான் என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் பொதுவாக உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துப் பார்க்காமல் விட்டது என் தவறு.

இரண்டு மாதங்கள் கழித்து, தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் ஓர் ஆய்வாளர் எழுதிய கடிதம்தான் எங்களை உலுக்கியது. எங்கள் தொகுப்பில் ஆர்னிதாப்டிரா ராத்ஸ்சைல்டி இனத்தின் ஆண் ஒன்று பாலியெம் பள்ளத்தாக்கில் பிடிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது, அது சரிதானா என்று அவர் கேட்டிருந்தார். அந்த இனம் தீவின் மேற்கு முனையிலுள்ள ஆர்ஃபாக் மலைகளுக்கு மட்டுமே உரியது. பாலியெம் அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், தீவின் நடுமலைத்தொடரில் இருக்கிறது. பதிவு உண்மையாக இருந்தால் பெரிய கண்டுபிடிப்பு. அவர் அதைத் தன் பரவல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏற்கெனவே வைத்திருந்தார்.

சீட்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். "இரியன் ஜெயா, பாலியெம், 1968" என்று அச்சாகியிருந்தது. தீவின் இந்தோனேசியப் பகுதியான மேற்குப் பாதிக்கு இரியன் ஜெயா என்ற பெயர் 1973ஆம் ஆண்டில்தான் சூட்டப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக எவரும் அப்பெயரை எழுதியிருக்க முடியாது.

ஆய்வில் கண்டவை

நாங்கள் ஆய்வைத் தொடங்கியது தவறான இடத்தில். பட்டாம்பூச்சி மோசடி என்றவுடன் இத்துறையில் இருக்கும் அனைவருக்கும் நினைவுக்கு வருவது பாப்பிலியோ எக்லிப்சிஸ். 1702இல் லண்டனைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஜேம்ஸ் பெட்டிவரிடம் வந்த அந்தப் பூச்சியை, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் புதிய இனமாகவே ஏற்றுப் பெயரிட்டார். சாதாரண மஞ்சள் பூச்சி ஒன்றின் சிறகில் கரும்புள்ளிகளும் நீலப்பிறைகளும் வரைந்து செய்த போலி அது என்று 1793இல்தான் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் கண்டுகொண்டார். அந்தக் கதை தலையில் இருந்ததால் நாங்களும் முதல் வாரம் முழுவதும் சிறகுகளையே நோண்டிக்கொண்டிருந்தோம். மெல்லிய தூரிகையால் ஆல்கஹால் தொட்டுச் சாயம் கரைகிறதா என்று பார்த்தோம். ஒட்டுப்பசைக்காக மார்பையும் வயிற்றையும் உருப்பெருக்கியில் தேடினோம். ஒரு பேர்ட்விங்கின் வயிற்றுப்பகுதி ஒட்டப்பட்டிருந்தது என்றாலும் அது நேர்மையான சேகரிப்புகளிலும் நடக்கிற பழுதுபார்ப்புதான். பூச்சிகள் அனைத்தும் உண்மையான பூச்சிகள்.

பிறகு சீட்டுகளுக்கு வந்தோம். 312இல் 216 கையெழுத்துச் சீட்டுகள். 96 அச்சிட்டவை. அந்த 96ஐயும் இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தபோது ஒவ்வொன்றும் பளீரென நீலமாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருளைச் சேர்க்கும் பழக்கம் ஏறத்தாழ 1950க்குப் பிறகு பரவியது என்பதால், ஒளிர்வு மட்டுமே 1968ஐப் பொய்யாக்காது. ஆனால் கையெழுத்துச் சீட்டுகளில் ஒன்றுகூட அப்படி ஒளிரவில்லை. நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தபோது எழுத்துகள் காகிதத்தில் ஊறாமல் அதன் மேல் உருகிப் படிந்த கரும்பொடித் துகள்களாகத் தெரிந்தன. எழுத்தின் ஓரங்களில் சிதறிய சிறு புள்ளிகளும் இருந்தன. அது லேசர் அச்சுப்பொறியின் தடம்.

96இல் ஒன்பது பேர்ட்விங்குகள். எல்லாமே 1968, எல்லாமே இரியன் ஜெயா. மீதி 87 டீலியாஸ். அவற்றில் 64 சீட்டுகள் ஆர்ஃபாக், 1983 என்றன. அந்த அறுபத்துநான்கிலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஐந்து தசம இடங்கள் வரை தரப்பட்டிருந்தன. ஐந்தாம் தசம இடம் என்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு மீட்டர் அளவிலான துல்லியம். செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜிபிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995இல். பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கும் முறை கைவிடப்பட்டது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். 1983இல் மலைக்காட்டில் நின்ற ஒருவர் வரைபடத்தைப் பார்த்துப் பாகை, கலை அளவில் குறித்திருப்பார். ஒரு மீட்டர் துல்லியத்துக்கு வழியே இல்லை. பிற்காலத்தில் ஆயத்தொலைவுகளைச் சேர்ப்பது உண்டு என்றாலும் அதைத் தனிச் சீட்டாக வைப்பதே முறை. மேலும் அந்தப் பூச்சிகளின் பின்சிறகுக் கீழ்ப்புறக் கோலம், ஆர்ஃபாக்கின் துணையினத்தை விட்டு நடுமலைத்தொடரின் துணையினத்தோடு ஒத்துப்போனது.

கடைசியாக நின்ற 23 டீலியாஸ்களில் சீட்டுகள் பாலியெம், 1981 என்றன. ஆயத்தொலைவு இல்லை, கோலம் இடத்தோடு பொருந்தியது. ஆனால் அச்சும் காகிதமும் மற்றவற்றோடு ஒன்றே. அதோடு, அந்த 23 ஊசிகளிலும் இப்போதைய சீட்டு இருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, லேசாகத் துருவேறிய ஊசித்தண்டில் துரு படாத ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. அங்கே முன்பு ஒரு சீட்டு இருந்து அகற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை என்று நினைத்தோம்.

ஒரு பேர்ட்விங்கின் காலை மரபணு ஆய்வுக்கு அனுப்பினோம். இன அடையாளத்துக்குப் பயன்படும் 658 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டு முதல் முயற்சியிலேயே முழுதாகக் கிடைத்தது. பல பத்தாண்டுகள் பழைய உலர் மாதிரிகளில் டிஎன்ஏ பெரும்பாலும் சிறு துண்டுகளாகச் சிதைந்திருக்கும். இது நிரூபணம் அன்று. ஆனால் 1968 என்ற நாளை நம்ப இன்னும் ஒரு காரணம் குறைந்தது.

எடுத்த முடிவுகள்

96 பதிவுகளையும் பொதுத் தரவுத்தளத்திலிருந்து உடனே விலக்கினோம். முழு உண்மை தெரியும் வரை காத்திருக்கலாம் என்று எங்களில் ஒருவர் கருதினார். அதை மறுக்க நான் எடுத்துக்காட்டியது இந்தியாவின் அரிய ஆந்தையான காட்டுச் சிற்றாந்தையின் கதை. பிரித்தானியப் படை அதிகாரியும் பறவை சேகரிப்பாளருமான ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் சுட்டதாகச் சீட்டு எழுதி வைத்திருந்த ஒரு மாதிரி, உண்மையில் 1880களில் வேறொருவர் சேகரித்ததைத் திருடி மறுபடி அடைத்துப் புதிய சீட்டு மாட்டியது என்று பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் அவருடைய கூட்டாளிகளும் கண்டறிந்தனர். பொய்யான அந்த இடத்தைக் கழித்துவிட்டு, நம்பத்தக்க பழைய மாதிரிகள் சொன்ன இடங்களில் தேடியபோதுதான் 1997இல் மகாராஷ்டிரத்தின் சாத்பூரா அடிவாரத்தில் அந்த ஆந்தை உயிரோடு மீண்டும் காணக்கிடைத்தது. அழிந்துவரும் உயிரைத் தவறான இடத்தில் தேடவைக்கும் ஒரு சீட்டை ஒருநாள்கூடப் பொதுவெளியில் வைத்திருக்கக்கூடாது என்பது என் வாதம். அது ஏற்கப்பட்டது.

பொய்ச்சீட்டுகளைக் கழற்றி எறிவதில்லை என்றும் முடிவு செய்தோம். ஒவ்வொரு ஊசியிலும் பழைய சீட்டை அப்படியே விட்டு, அதன் கீழே "தரவு ஐயத்துக்குரியது" என்ற சிவப்புச் சீட்டையும் தேதியையும் சேர்த்தோம். மோசடியின் சான்று அந்தச் சீட்டுதான். அதை அகற்றினால் நாங்களும் அதே வேலையைச் செய்தவர்களாவோம்.

ஒன்பது பேர்ட்விங்குகளைப் பற்றி வனவுயிர் அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவித்தோம். இந்த முடிவுக்கு எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. வாங்கியவர்களும் குற்றவாளிகளாகக் கருதப்படலாம் என்ற அச்சம் இயல்பானது. ஆனால் ஆவணமற்றவை என்று தெரிந்த பின்னும் அவற்றை வைத்திருப்பது, தெரியாமல் வாங்கியதைவிட மோசமான நிலை என்று சட்ட ஆலோசகர் சொன்னதும் அந்த விவாதம் முடிந்தது.

விற்றவரிடம் பேசியது

வணிகர் முதலில் மறுத்தார். இரியன் ஜெயா சீட்டைக் காட்டிய பின், குடும்பத்திடமிருந்து வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது என்றார். ஒளிர்வையும் அச்சையும் காட்டியதும், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கறைபட்ட சில சீட்டுகளை மட்டும் தானே மறுபடி அச்சிட்டதாகவும், பேர்ட்விங்குகளும் பாதி டீலியாஸ்களும் வேறொருவரிடமிருந்து வந்தவை என்றும் சொன்னார். அந்த வேறொருவர் யார் என்பதைச் சொல்லவில்லை. எந்தச் சீட்டுகளைத் தான் நகலெடுத்தார் என்பதையும் அவரால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கழற்றிய பழைய சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார்.

அவருடைய பெயரை வெளியிடுவதில்லை என்று தீர்மானித்தோம். பொய் சீட்டில் இருக்கிறது என்பதை எங்களால் நிறுவ முடிந்தது. அதை எழுதியவர் யார், அறிந்தே எழுதினாரா என்பதை நிறுவ முடியவில்லை. பூச்சி குறைந்தது மூன்று கைகளைக் கடந்து வந்திருந்தது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் விலையில் பாதியைத் திருப்பித் தந்தார்.

நாங்கள் செய்த பிழை

ஏழு மாதங்கள் கழித்து, நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய களக்குறிப்பேடு வந்து சேர்ந்தது. சேகரித்தவரின் மகளுக்கு நிலைமையை விளக்கி எழுதியிருந்தோம். அவர் பரணில் தேடி எடுத்து அனுப்பினார். மழை ஊறி அலையலையாகச் சுருங்கிய அட்டை, பென்சில் எழுத்து, ஒவ்வொரு நாள் பிடிப்புக்கும் தொடர் எண்.

அதைப் புரட்டியபோது இரண்டு செய்திகள் முதலில் தெளிவாயின. அவர் முதன்முதலில் நியூ கினிக்குப் போனது 1979இல். ஆகவே 1968 என்ற நாளோடு அவர் பெயரைத் தாங்கிய ஒன்பது பேர்ட்விங்குகளும் அவருடையவை அல்ல. ஆர்ஃபாக் மலைக்கு அவர் ஒருபோதும் போகவே இல்லை; ஆகவே அந்த 64 டீலியாஸ்களும் அவருடையவை அல்ல. இறந்துபோன ஒரு நேர்மையாளரின் பெயரை விலைச்சீட்டாக்கி, வேறு சரக்கை அவருடைய இழுப்பறைக்குள் நுழைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது செய்தி எங்களைப் பற்றியது. பாலியெம், 1981 என்ற 23 டீலியாஸ்களில் 19இன் ஊசி அடியில், அரிசி மணி அளவில், பென்சிலால் எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. நாங்கள் அதைப் பார்த்திருந்தோம். வணிகரின் சரக்கு எண் என்று ஒதுக்கிவிட்டோம். அந்த 19 எண்களும் குறிப்பேட்டின் எண்களே. இனம், நாள், முகாம் எல்லாம் சீட்டில் அச்சிட்டவாறே இருந்தன. கறைபட்ட மூலச் சீட்டுகளை வணிகர் உள்ளபடியே நகலெடுத்ததாகச் சொன்னது இந்த 19ஐப் பொறுத்தவரை உண்மை.

துருவில்லாத வளையத்தை நாங்கள் தலைகீழாகப் படித்திருந்தோம். வளையம் இருந்த ஊசிகளில்தான் ஒரு காலத்தில் அசல் சீட்டு பல ஆண்டுகள் இருந்திருக்கிறது; அவைதான் பழையவை. பொய்யான 73இன் ஊசிகளில் துருவும் இல்லை, வளையமும் இல்லை, ஏனென்றால் அவை அண்மையில் உறையிலிருந்து எடுத்து ஈரப்பதப் பெட்டியில் இளக்கி, விரித்து, புது ஊசியில் குத்தப்பட்டவை. வளையம் இல்லாததே எங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சீட்டின் வயதும் செய்தியின் வயதும் வேறு வேறு என்று மாணவியிடம் முதல் மாதத்தில் நான் சொன்ன பாடத்தை, ஐயம் வந்தபின் நானே மறந்திருந்தேன்.

பின்விளைவு

19 பதிவுகளும், மூலச் சீட்டு இழந்த விவரத்தையும் குறிப்பேட்டு எண்ணையும் சேர்த்து, தரவுத்தளத்துக்குத் திரும்பின. 73 மாதிரிகளின் இடமும் நாளும் "அறியப்படாதவை" என்று மாற்றப்பட்டன. டீலியாஸ்கள் இப்போது மாணவர்களுக்குச் சீட்டு ஆய்வு கற்பிக்கும் தனி இழுப்பறையில் இருக்கின்றன. பேர்ட்விங்குகள் இன்றும் அதிகாரிகள் வசமே உள்ளன. எங்கள் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

வரைபடத்தில் புள்ளி வைத்த ஆய்வாளர் தன் கட்டுரையை அச்சுக்கு முன்பே திருத்திக்கொண்டார். ஆனால் நாங்கள் விலக்குவதற்கு முன் அந்தத் தரவைத் தரவிறக்கிக்கொண்ட மற்றவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை வெளியே போன பதிவு, நாங்கள் அழித்த பின்னும் பிறருடைய கோப்புகளில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கும்.

இனி மாற்றிச் செய்வது

குறிப்பேடோ கடிதங்களோ ரசீதுகளோ எதுவும் இல்லாத தொகுப்பை இனி விலை கொடுத்து வாங்குவதில்லை. நன்கொடையாக வந்தாலும், சரிபார்க்கப்படாதது என்ற அடையாளத்தோடு தனியாகவே வைக்கிறோம். வாங்கும் முன் ஒவ்வொரு இழுப்பறையிலிருந்தும் சில ஊசிகளையாவது வெளியே எடுத்து, சீட்டின் இருபுறத்தையும் ஊசித்தண்டையும் படமெடுக்கிறோம். புறஊதா விளக்கு சிறியது, பையில் போகும். அதை எடுத்துச்செல்லாமல் போவதில்லை. ஊசியில் இருக்கும் எந்தத் துண்டையும், அதன் பொருள் புரியாவிட்டாலும், உள்ளபடி எழுதிக்கொள்கிறோம். பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது ஓராண்டு கழித்தே. அதற்குள் ஒவ்வொரு இனத்தின் அறியப்பட்ட பரவலோடும் இடப்பெயர்களின் வரலாற்றோடும் பதிவுகள் ஒப்பிடப்படுகின்றன. அந்த ஒப்பீட்டுப் பணியை, காகிதம் வெள்ளையாக இருக்கிறதே என்று முதலில் கேட்ட மாணவிதான் இப்போது நடத்துகிறார்.

23இல் எண் துண்டு இல்லாத நான்கு டீலியாஸ்கள் மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. ஊசியில் வளையம் இருக்கிறது, சீட்டு சொல்லும் நாளில் சேகரித்தவர் பாலியெமில்தான் இருந்தார், கோலமும் பொருந்துகிறது. ஆனால் எண் இல்லை. இரண்டு முறை விவாதித்தும் எங்களால் ஒருமனப்பட முடியாததால், அவற்றின் சிவப்புச் சீட்டு அப்படியே இருக்கிறது.